வால்வு ப்ரீஆம்ப்: பின்பக்க ஜாக்குகள் முதல் முன்பக்கக் குமிழ்கள் வரை முழுமையான வழிகாட்டி

சிடி பிளேயர், டர்ன்டேபிள் போன்றவற்றின் சிக்னலை வாங்கி, வால்யூமைக் கட்டுப்படுத்தி, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்கு அனுப்பும் பெட்டிதான் ப்ரீஆம்ப். கண்ணாடி வால்வுகளால் வேலை செய்வது வால்வு ப்ரீஆம்ப். அதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முன்பக்கத்துக் குமிழ்களைத்தான் முதலில் திருகிப் பார்க்கிறார்கள். சவுண்டு வந்துவிட்டால் சரி, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படியே வருடங்கள் ஓடிவிடுகின்றன. துபாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்த அருமையான ப்ரீஆம்ப், மதுரையில் ஒரு ஹாலில் பாஸ் இல்லாமல், ஒரு பக்கம் 'ம்ம்ம்' என்ற ஹம்மோடு பாடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். குறை பெட்டியில் இல்லை. எந்த ஒயர் எங்கே போக வேண்டும், எந்தப் பொத்தான் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதை யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ப்ரீஆம்பின் வால்யூம், கண்மாயின் மடை மாதிரி. மடைக்கு முன்னால் இருக்கும் தண்ணீர் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, வந்தது வந்தபடி நிற்கும். மடைக்குப் பின்னால் போவது நீங்கள் திறந்துவிட்ட அளவுதான். பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு பொத்தானும், ஒவ்வொரு ஜாக்கும் வால்யூமுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வாருங்கள்.

உள்ளே சிக்னல் போகும் பாதை

சிடி பிளேயர், டிஏசி (டிஜிட்டல் பாட்டைச் சிக்னலாக மாற்றும் பெட்டி), டர்ன்டேபிள் என்று எது வந்தாலும், எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் செலக்டரில் முதலில் நுழைகிறது. செலக்டரைத் தாண்டியதும் ஒரு கிளை பிரிந்து ரெக்கார்ட் அவுட்டுக்குப் போய்விடுகிறது. மீதி, டேப் மானிட்டர், மோனோ, பேலன்ஸ் வழியாக வால்யூமுக்கு வருகிறது. வால்யூமைத் தாண்டிய பிறகுதான் பெரும்பாலான டிசைன்களில் லைன் ஸ்டேஜ் வால்வுகள், அதாவது சிக்னலைப் பெருக்கி வெளியே அனுப்பும் பகுதி. அவற்றுக்குப் பிறகு கப்ளிங் கெப்பாசிட்டர், மியூட் ரிலே (சத்தத்தை மூடித் திறக்கும் மின் சுவிட்ச்), கடைசியில் மெயின் அவுட்புட். கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு இடம் மாறும். மேனுவலில் பிளாக் டயகிராம் இருந்தால் அதை ஒரு பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வால்வுகளைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1947-ல் ஆர்சிஏ கம்பெனி கொண்டுவந்த 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கும் எண் 100. அதனால் டர்ன்டேபிளின் சின்னஞ்சிறு சிக்னலைக் கையாளும் போனோ பகுதியில் அதை அதிகம் பார்க்கலாம். லைன் ஸ்டேஜில் 6922, 12ஏயூ7, 6எஸ்என்7 போன்றவை வரும். 6922-க்குப் பெருக்கும் எண் 33, மற்ற இரண்டுக்கும் 20-ஐ ஒட்டி. எண் குறைவு என்பதால் தரம் குறைவு என்று நினைக்க வேண்டாம். லைன் ஸ்டேஜில் அவ்வளவு பெருக்கமே தேவையில்லை, ஏன் என்று கெயின் (பெருக்கும் அளவு) பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

இன்னொன்று. இந்த வால்வுகளுக்கு 150-லிருந்து 300 வோல்ட், சிலவற்றில் அதற்கு மேலும் டிசி மின்சாரம் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் கொஞ்ச நேரம் அதைப் பிடித்து வைத்திருக்கும். மேனுவல் அனுமதிக்கும் வால்வு மாற்றத்தைத் தவிர, மூடியைத் திறந்து கைவைப்பது பழகிய மெக்கானிக்கின் வேலை.

முதலில் கரண்ட்

நம் ஊரில் வால்வு செட்டைக் கெடுப்பது பாதி நேரம் கரண்ட்தான். பெட்டியின் பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது என்பதை பிளக் சொருகும் முன் படியுங்கள். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் வாங்கியது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் அந்த ஊர் சந்தைக்காகச் செய்தது 100 வோல்ட். அவற்றை நேராக நம் பிளக் பாயிண்டில் சொருகினால் சில நொடிகளில் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கண்டிப்பாக வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸைப்போல் இரண்டு மடங்காவது தாங்குவதாக வாங்குங்கள். ஜப்பான் 100 வோல்ட் பெட்டிக்கு 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் சரிப்படாது. வால்வுக்குள் இருக்கும் ஹீட்டர் 6.3 வோல்ட்டுக்கென்று செய்யப்பட்டது. பத்து சதவீதம் கூடினால் அதுவும் அதே அளவு கூடும், வால்வின் ஆயுள் குறையும்.

ஸ்டெபிலைசர் போடுவதானால் எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் போடும் ரிலே வகை, வோல்டேஜ் ஏறி இறங்கும்போதெல்லாம் 'டக் டக்' என்று மாறும். அந்த டக் ஸ்பீக்கரிலும் கேட்கும். சர்வோ வகை மெதுவாக, சத்தமில்லாமல் சரிசெய்யும். இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் அது சைன் வேவ் தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மரே உறுமும், அந்த உறுமல் பாட்டுக்குள்ளும் நுழையும்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். முதலில் பவர் ஆம்பின் சுவிட்சை அணைக்க வேண்டும். நல்ல ப்ரீஆம்ப்களில், கரண்ட் வந்ததும் வால்வு சூடாகும்வரை அவுட்புட்டை மூடி வைக்கும் ரிலே இருக்கிறது. எல்லாவற்றிலும் அது இருக்கும் என்று சொல்ல முடியாது. அது இல்லாத பெட்டியில், கரண்ட் திரும்பி வந்த சில நொடிகளில் பெரிய 'தொம்' ஒன்று ஸ்பீக்கருக்குப் போகும். போய் இரண்டே நொடியில் திரும்பி வரும் கரண்ட் இன்னும் மோசம். சாயங்காலம் மழை மேகம் கூடி, காற்று பலமாக அடித்தால் பவர் ஆம்பை அணைத்துவிடுவதே நல்லது.

மூன்றாவது பின்னைப் பற்றி ஒரு வார்த்தை. ஹம் வருகிறதா, எர்த் பின்னை எடுத்துவிடு என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே எங்காவது லைன் ஒயர் பெட்டியின் உலோக உடம்பைத் தொட்டுவிட்டால், மொத்தப் பெட்டியும் ஷாக் அடிக்கும். ஹம்மைப் போக்க வேறு வழி இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

வைக்கும் இடம்

மேலே பத்துப் பதினைந்து செண்டிமீட்டராவது காலி இடம் விடுங்கள். பவர் ஆம்பின் தலையில் ஏற்றி வைக்காதீர்கள். அதன் சூடும் டிரான்ஸ்ஃபார்மரின் ஹம்மும் சேர்ந்து மேலே ஏறும். ரேடியோ பெட்டிமேல் பூவேலை செய்த துணி போடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. வால்வு செட்டுக்கு அந்த மரியாதை வேண்டாம், அது மூச்சுவிடும் ஓட்டைகளை அடைத்துவிடும். பயன்படுத்தாத நாளில் மட்டும், முழுக்க ஆறிய பிறகு போடலாம். சித்திரை வைகாசியில் ஹாலே கொதிக்கும்போது பெட்டிமேல் காற்றுப் படும்படி ஃபேன் ஓடட்டும். பல்லியும் எறும்பும் ஓட்டை வழியாக உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வதும் நம் ஊரில் பராமரிப்பின் ஒரு பகுதிதான்.

பின்பக்கம்: இன்புட்டுகள்

சிடி, டியூனர், ஆக்ஸ் என்று எழுதியிருக்கும் ஜாக்குகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பெயர் மட்டும் வேறு. டிஏசியை டியூனர் ஜாக்கில் சொருகினால் ஒன்றும் ஆகாது. போனோ ஜாக் மட்டும் தனி ஜாதி, அங்கே டர்ன்டேபிள் தவிர வேறு எதுவும் போகக் கூடாது. சிடி பிளேயரை அதில் சொருகினால் காது கிழியும்.

சும்மா இருக்கும் இன்புட் ஜாக்குகளுக்கு ஷார்ட்டிங் கேப் என்று ஒரு மூடி கிடைக்கும். போட்டால் இரைச்சல் உள்ளே வருவது குறையும். ஆனால் அதை எந்தக் காரணம் கொண்டும் அவுட்புட் ஜாக்கில் போட்டுவிடாதீர்கள். ரெக்கார்ட் அவுட்டில் போட்டால் பல பெட்டிகளில் ஓடிக்கொண்டிருக்கும் சிக்னலே ஷார்ட் ஆகி, மெயின் அவுட்புட்டிலும் சத்தம் நின்றுவிடும். ப்ரீஆம்ப் போய்விட்டது என்று பயந்துபோவார்கள், குற்றவாளி அந்தச் சின்ன மூடி.

பின்பக்கம்: அவுட்புட்டுகள்

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். நல்ல ப்ரீஆம்பில் மூன்று விதமான அவுட்புட் இருக்கும்: ரெக்கார்ட் அவுட், ஆர்சிஏ (சாதாரண ஒற்றைப் பின் ஜாக்) மெயின் அவுட், எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் ஜாக்) மெயின் அவுட். மெயின் அவுட் இரண்டு ஜோடியாகவும் இருக்கலாம்.

ரெக்கார்ட் அவுட் மடைக்கு முன்னால் இருப்பது. வால்யூம், பேலன்ஸ், மியூட் எதுவும் அதைத் தொடாது. டேப்பிலோ கம்ப்யூட்டரிலோ பதிவுசெய்வதற்காக வைத்தது. திருநகரில் ஒரு நண்பர் வீட்டிலிருந்து போன் வந்தது. "அண்ணே, வால்யூமைக் கீழ வச்சாலும் வீடே அதிருது, என்னண்ணே பண்ண?" போய்ப் பார்த்தால் பவர் ஆம்பின் ஒயர் ரெக்கார்ட் அவுட்டில் இருக்கிறது. பின்பக்கம் இருட்டில், பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறத்தில் ஜாக்குகள், யாருக்கும் மாறிப்போகும். சிடி பிளேயர் கொடுக்கும் முழு 2 வோல்ட்டும் நேராகப் பவர் ஆம்புக்குப் போயிருக்கிறது. பல பவர் ஆம்ப்கள் 1 வோல்ட்டுக்கும் 2 வோல்ட்டுக்கும் இடையிலேயே முழு பவரைக் கொடுத்துவிடும். ஸ்பீக்கர் தப்பியது அதிர்ஷ்டம்தான். டார்ச் அடித்துப் பார்த்து ஒயரை மாற்றுங்கள். மெயின் அவுட் ஒயரில் ஒரு கலர் டேப் சுற்றிவிடுங்கள்.

ரெக்கார்ட் அவுட்டில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பல பெட்டிகளில் அது செலக்டரிலிருந்து நேரடியாக வரும் கிளை, நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. அதில் மாட்டியிருக்கும் டேப் டெக்கை அணைத்து வைத்தால், அது சிக்னலை இழுத்துக் கெடுக்கலாம், சத்தம் லேசாக நசுங்கின மாதிரி இருக்கும். பதிவுசெய்யாதபோது அந்த ஒயரைக் கழற்றி வைப்பதே மேல்.

அடுத்தது மெயின் அவுட். ஆர்சிஏவா எக்ஸ்எல்ஆரா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எக்ஸ்எல்ஆரில் மூன்று பின்: ஒன்றாவது கிரவுண்டு, இரண்டாவது நேர் சிக்னல், மூன்றாவது அதன் தலைகீழ். பவர் ஆம்ப் இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழிக்கும்போது, வழியில் ஒயர் பிடித்த இரைச்சல் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் கழிந்துபோய்விடும். ஹாலின் ஒரு மூலையில் ப்ரீஆம்ப், எதிர்மூலையில் பவர் ஆம்ப் என்று நீளமான ஒயர் போகிற வீட்டில் இது பெரிய உதவி. அரை மீட்டர், ஒரு மீட்டர் ஒயருக்கு அவ்வளவு வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம். எக்ஸ்எல்ஆர் ஜாக் இருப்பதாலேயே உள்ளே முழுக்க பேலன்ஸ்டு சர்க்யூட், அதாவது நேர், தலைகீழ் இரண்டு சிக்னலையும் கொண்டுபோகும் சர்க்யூட் என்று அர்த்தமில்லை. சில பெட்டிகளில் வசதிக்காக மட்டும் வைத்திருப்பார்கள். மேனுவலில் இது எழுதியிருக்கும். என் அபிப்பிராயம், ப்ரீஆம்பும் பவர் ஆம்பும் இரண்டும் உண்மையிலேயே பேலன்ஸ்டு என்றால் எக்ஸ்எல்ஆர், இல்லையென்றால் ஆர்சிஏ.

ஒன்றை நினைவில் வையுங்கள்: பேலன்ஸ்டு பெட்டியில் எக்ஸ்எல்ஆர் வழியாக வருவது பொதுவாக 6 டெசிபல் அதிகம், அதாவது வோல்டேஜ் இரண்டு மடங்கு. ஆர்சிஏயிலிருந்து மாறும் நாளில் வால்யூமைப் பழைய இடத்தில் வைத்தால் திடுக்கென்று இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு 'எக்ஸ்எல்ஆர்தான் நல்லாருக்கு' என்று சொல்கிறவர்கள் பல சமயம் அந்த 6 டெசிபல் சத்தத்தைத்தான் ரசிக்கிறார்கள். வால்யூமைச் சமப்படுத்திவிட்டுக் கேட்டு முடிவுசெய்யுங்கள். எக்ஸ்எல்ஆரிலிருந்து ஆர்சிஏக்கு மாற்றும் அடாப்டரையும் யோசிக்காமல் மாட்டக் கூடாது. சிலவற்றில் மூன்றாவது பின்னை கிரவுண்டோடு சேர்த்திருப்பார்கள். வால்வு அவுட்புட்டின் ஒரு பாதியை அப்படி ஷார்ட் செய்வது பல பெட்டிகளுக்கு ஆகாது. ஆர்சிஏ அவுட் இருக்கும்போது அடாப்டர் எதற்கு?

இப்போது பாஸ் காணாமல்போகும் விஷயம். வால்வு ப்ரீஆம்பின் அவுட்புட்டில் ஒரு கப்ளிங் கெப்பாசிட்டர் இருக்கிறது. உயர் வோல்டேஜ் டிசி வெளியே வராமல் தடுப்பது அதுதான். அந்தக் கெப்பாசிட்டரும் பவர் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸும் (ஓமில் அளக்கும் மின்தடை) சேர்ந்து, ஒரு அளவுக்குக் கீழே இருக்கும் கனமான ஒலியை வெட்டிவிடும். கெப்பாசிட்டர் 1 மைக்ரோ ஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். பவர் ஆம்ப் 47 கிலோ ஓம் என்றால் வெட்டு 3.4 ஹெர்ட்ஸில், காதுக்கு எட்டாத இடம். பவர் ஆம்ப் 10 கிலோ ஓம் என்றால் அது 16 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். இப்போது வரும் சின்ன கிளாஸ்-டி ஆம்ப்களில் 10 கிலோ ஓம் சகஜம்.

சப்வூஃபர் வைத்திருக்கிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். இரண்டு மெயின் அவுட் இருக்கிறதே, ஒன்று பவர் ஆம்புக்கு, ஒன்று சப்வூஃபருக்கு என்று மாட்டுவோம். பல பெட்டிகளில் அந்த இரண்டு ஜோடியும் உள்ளே ஒரே இடத்திலிருந்து கிளம்புபவை. அப்படியானால் இரண்டு சுமையும் ஒன்றாக அதன்மேல் விழும். பவர் ஆம்ப் 100 கிலோ ஓம், சப்வூஃபர் 10 கிலோ ஓம் என்றால் சேர்ந்து 9.1 கிலோ ஓம்தான். கெப்பாசிட்டர் 0.47 மைக்ரோ ஃபாரட்டாக இருந்துவிட்டால் வெட்டு 37 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். சப்வூஃபர் மாட்டிய பிறகு பாஸ் குறைந்துவிட்டது என்று சொல்வதைக் கேட்டால் நம்பமுடியாது, ஆனால் உண்மை. தவிலின் தொப்பிப் பக்கமும் உறுமியின் இழுப்பும் மெலிந்து கேட்டால் இதைச் சந்தேகப்படுங்கள். சப்வூஃபருக்கு சிக்னலை ப்ரீஆம்பிலிருந்து எடுக்காமல், பவர் ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்து எடுக்கும் ஹை லெவல் இன்புட் அதில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பிரச்சினை தீர்ந்தது.

பொதுக் கணக்கு இதுதான்: பவர் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ், ப்ரீஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். வால்வு ப்ரீஆம்புக்கு நான் அதற்கும் மேலே கேட்பேன். 47 கிலோ ஓமுக்குக் குறையாத பவர் ஆம்ப் என்றால் நிம்மதி.

முதல் தடவை ஆன் செய்வது

ஒயர் மாட்டும்போது எல்லாமே அணைந்திருக்க வேண்டும், பிளக்கும் வெளியே. அப்புறம் இந்த வரிசை:

1. வால்யூம் முழுக்கக் கீழே, மியூட் ஆன்.
2. சிடி பிளேயர் அல்லது டிஏசியை ஆன் செய்யுங்கள்.
3. ப்ரீஆம்பை ஆன் செய்து ஒரு நிமிடம் பொறுங்கள். தானாக மியூட் ஆகும் பெட்டியில் முன்பக்க விளக்கு அதுவரை மினுக்கும்.
4. இப்போது பவர் ஆம்ப்.
5. மியூட்டை எடுத்துவிட்டு வால்யூமை மெல்ல ஏற்றுங்கள்.

அணைக்கும்போது நேர் எதிர்: பவர் ஆம்ப் முதலில். அதன் உள்ளே சேர்ந்திருக்கும் மின்சாரம் வடிய அரை நிமிடமாவது விட்டு, பிறகு ப்ரீஆம்ப். அணைத்த ப்ரீஆம்பை உடனே மறுபடி ஆன் செய்யாதீர்கள். ஆன் செய்ததும் பாட்டு வந்துவிட்டாலும், முழுக் குரல் வெளிப்பட இருபது முப்பது நிமிடம் ஆகும். அதற்காக நாள் முழுக்க எரியவிட வேண்டியதில்லை. சிக்னல் வால்வின் ஆயுள் பொதுவாக 5,000 முதல் 10,000 மணி நேரம். தினம் மூன்று மணி நேரம் கேட்டால் குறைந்தபட்சக் கணக்கில்கூட நாலரை வருடம் வரும். இருபத்து நாலு மணி நேரமும் எரிந்தால் அதிகபட்சக் கணக்கிலேயே பதினாலு மாதம்தான்.

முன்பக்கம்

கெயின் சுவிட்சில் ஆரம்பிக்கலாம். 12 டெசிபல் என்றால் வோல்டேஜ் நாலு மடங்கு, 20 டெசிபல் என்றால் பத்து மடங்கு. சிடி பிளேயர் தருவதே 2 வோல்ட், பவர் ஆம்ப் கேட்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். பத்து மடங்கு பெருக்கினால் 20 வோல்ட், யாருக்கு வேண்டும்? ஹை கெயினில் வைத்தால் வால்யூம் குமிழ் ஒன்பது மணி நிலைக்கு முன்பே வீடு நிறைந்துவிடும், நுணுக்கமாகத் திருப்ப இடமே இருக்காது, வால்வின் 'ஸ்ஸ்' சத்தமும் கூடவே பெருகி வரும். லோ கெயினில் வைத்து, வழக்கமாகக் கேட்கும் சத்தம் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் வருகிறதா என்று பாருங்கள். நாதஸ்வரப் பதிவு ஒன்றைப் போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த மாதிரி வீச்சுள்ள பதிவில், மேல் ஸ்தாயியில் ஓங்கும் இடம் உடையாமல் வந்தால் கெயின் சரி. கெயினை மாற்றும்போது வால்யூம் கீழே, மியூட் ஆன் என்பதை மறக்காதீர்கள்.

வால்யூம் விலை உயர்ந்த பெட்டிகளில் ரிலேக்களால் ஆனது. அரை டெசிபல், ஒரு டெசிபல் என்று படிப்படியாக ஏறும், உள்ளே 'டிக் டிக்' என்று கேட்கும். அது பழுதல்ல. சாதாரண கார்பன் பொட்டென்ஷியோமீட்டர் திருப்பும்போது ஸ்பீக்கரில் 'கரகர' என்றால்தான் பழுது.

மோனோ சுவிட்சைப் பலர் தொடுவதே இல்லை, எனக்கு மிகவும் பிடித்த சுவிட்ச் அதுதான். டி.எம். சௌந்தரராஜன், எம்.எஸ். சுப்புலட்சுமி, மதுரை மணி ஐயர் ஆகியோரின் பழைய ரெக்கார்டுகளில் பெரும்பாலானவை மோனோ. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் (டர்ன்டேபிளில் முள் பொருத்திய தலை) அவற்றை ஓட்டும்போது முள் மேலும் கீழும் ஆடுவதால் வரும் இரைச்சல் இரண்டு பக்கமும் எதிரெதிராக வரும். மோனோவை அழுத்தினால் அது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கீறல் சத்தம் சட்டென்று குறைந்து, குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து நிற்கும். இந்த ஊரில் பிறந்த குரல்களை இந்த ஊரில் இப்படிக் கேட்பதற்காகவே ப்ரீஆம்பில் மோனோ சுவிட்ச் இருக்க வேண்டும் என்பேன்.

பேலன்ஸைச் சரிசெய்யவும் மோனோதான் வழி. மோனோ அழுத்தி, ஒற்றைக் குரல் ஓடவிட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் உட்காருங்கள். குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் அது நடுவில் வரும்வரை திருப்புங்கள். போன மாதம் நடுவில் இருந்த குரல் இப்போது மெல்ல ஒரு பக்கம் நகர்ந்திருந்தால், எதிர்ப் பக்கத்து வால்வு சோர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வால்வின் வயதை வீட்டிலேயே கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

போலாரிட்டி அல்லது பேஸ் என்று எழுதிய பொத்தான், அலையை முழுக்கத் தலைகீழாகத் திருப்பும். வித்தியாசம் தெரிந்தால் பிடித்த பக்கம் வையுங்கள், தெரியாவிட்டால் கவலை வேண்டாம். சில வால்வு ப்ரீஆம்ப்கள் சிக்னலை இயல்பாகவே தலைகீழாக்கித்தான் வெளியே அனுப்பும். இந்தப் பொத்தான் இல்லாத அப்படிப்பட்ட பெட்டிக்கு, ஸ்பீக்கர் ஒயரில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றச் சொல்லி மேனுவல் சொல்லும். மாற்றினால் இரண்டு ஸ்பீக்கரிலும் மாற்றுங்கள். ஒன்றில் மட்டும் மாற்றினால் பாஸ் போய், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

டேப் மானிட்டர் பொத்தான், டேப் டெக்கிலிருந்து திரும்பி வருவதை மட்டும் கேட்பதற்கானது. டேப் ஓடாதபோது அது உள்ளே தள்ளியிருந்தால் செலக்டர் எங்கே இருந்தாலும் சத்தம் வராது. 'செட் செத்துப்போச்சு' என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இது.

ஹோம் தியேட்டர் பைபாஸ், பிராசஸர், யூனிட்டி கெயின் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும் நிலையைப் பயத்தோடு அணுகுங்கள். அது வால்யூமையே ஒதுக்கிவிட்டு, வருவதை அப்படியே வெளியே விடும். ஹோம் தியேட்டரின் ஏவி ரிசீவர் தன் வால்யூமால் கட்டுப்படுத்தட்டும் என்பதற்கான வழி. அந்த ஜாக்கில் டிஏசியை மாட்டினால் திருநகர் கதைதான். குழந்தைகள் இருக்கும் வீட்டில், பயன்படுத்தாத பட்சத்தில் அந்த ஜாக்கைக் காலியாகவே விடுங்கள்.

போனோ

எம்எம் (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜ் தருவது 3 முதல் 5 மில்லி வோல்ட், லோடு (அதற்கு எதிரே வைக்கும் மின்தடை) 47 கிலோ ஓம், 40 டெசிபல் கெயின் போதும். லோ அவுட்புட் எம்சி (மூவிங் காயில்) அதில் பத்தில் ஒரு பங்குதான் தரும். அதற்கு 60 டெசிபல் அளவுக்கு வேண்டும், லோடு 100 ஓமில் ஆரம்பித்துக் கேட்டுப்பார்த்து ஏற்றலாம். இவ்வளவு கெயினில் வால்யூம் மேலே இருக்கும்போது எந்தச் சுவிட்சையும் மாற்றக் கூடாது. டர்ன்டேபிளின் டோன்ஆர்மிலிருந்து வரும் மெல்லிய கிரவுண்டு ஒயரைப் பின்பக்கத் திருகில் இறுக்குங்கள், பாதி ஹம் அதிலேயே போகும். 1950-களின் நடுவிலிருந்து வந்த ரெக்கார்டுகள் பெரும்பாலும் ஆர்ஐஏஏ கணக்கில் (பாஸைக் குறைத்து, மேல் ஒலியைக் கூட்டி) வெட்டப்பட்டவை, போனோ பகுதி அதைத் தானே சரிசெய்துவிடும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது

மறுபடி மடைக்கு வருவோம். பாட்டு எதுவும் ஓடாமல், வால்யூமை மெல்ல ஏற்றி இறக்குங்கள். ஹம்மோ இரைச்சலோ கூடவே ஏறி இறங்கினால், அது வால்யூமுக்கு முன்னால் நுழைகிறது: இன்புட் ஒயர், டர்ன்டேபிள் கிரவுண்டு, போனோ வால்வு. மாறாமல் ஒரே அளவில் நின்றால், வால்யூமுக்குப் பின்னால்: லைன் ஸ்டேஜ் வால்வு, ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் இடையிலான ஒயர், அல்லது பவர் ஆம்பே.

'ம்ம்ம்' என்ற அடித்தொண்டை ஹம் என்றால் முதலில் செட்டாப் பாக்ஸைச் சந்தேகப்படுங்கள். தெருவிலிருந்து வரும் கேபிள் ஒயர் தன்னோடு வேறொரு எர்த்தைக் கொண்டுவருகிறது. அந்த ஒயரைக் கழற்றியதும் ஹம் நின்றால் காரணம் அதுதான். டிவியிலிருந்து ஆப்டிகல் ஒயர் வழியாக டிஏசிக்கு எடுத்தால் எர்த் தொடர்பே இருக்காது. எல்லாப் பெட்டிகளையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து ஓட்டுவதும் உதவும். 'ர்ர்ர்' என்று கரடுமுரடாக இருந்தால் பவர் சப்ளை கெப்பாசிட்டராக இருக்கலாம், மெக்கானிக்கிடம் போங்கள்.

ஒரு பக்கம் மட்டும் 'ஸ்ஸ்' என்றோ, பொரிகிற மாதிரியோ கேட்டால் வால்வைப் பாருங்கள். எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, வால்வு ஆறும்வரை காத்திருங்கள். மேனுவல் சொல்லும் நேரத்துக்குப் பிறகே மூடியைத் திறக்க வேண்டும். மேனுவல் அதை அனுமதிக்கவில்லை என்றால் மெக்கானிக்கை அழையுங்கள். கண்ணாடியின் அடிப்பகுதியைப் பிடித்து, லேசாக வட்டமாக அசைத்து, நேராக மேலே இழுங்கள். இடது வால்வை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போடுங்கள். ஒன்பது பின் வால்வுகளில் ஓரிடத்தில் இடைவெளி பெரிதாக இருக்கும், சாக்கெட்டிலும் அப்படியே, பொருத்திப் பார்த்து அழுத்துங்கள். இரைச்சலும் பக்கம் மாறினால் வால்வுதான் குற்றவாளி. மாறாமல் நின்றால் வால்வு நல்லது, தேட வேண்டியது வேறு இடம்.

புது வால்வு வாங்கும்போது பழையதன் எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள். 12ஏஎக்ஸ்7-ம் 6922-ம் ஒரே சாக்கெட்டில் உட்காரும், ஆனால் ஹீட்டர் இணைப்பு வேறு, மாற்றிப் போட்டால் எரிந்துவிடலாம். இடது, வலது இரண்டுக்கும் ஒரே ஜோடியாக அளந்து எடுத்தவற்றைக் கேளுங்கள். போட்ட தேதியை ஒரு சின்னச் சீட்டில் எழுதிப் பெட்டியின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள். பழையதில் நல்லதாக இருக்கும் ஒன்றைத் தூக்கிப் போடாமல் பஞ்சில் சுற்றி வையுங்கள், அடுத்த தடவை சோதிப்பதற்கு அது வேண்டியிருக்கும்.